வேதம் மாத்திரமே என்றவர்கள் திருச்சபை ஆண்டை ஏன் விடவில்லை?

“அட்வெந்து, லெந்து, திரித்துவத்துக்குப் பின்வரும் ஞாயிறுகள் என்று வருஷம் முழுவதையும் கூறுபோட்டு வைத்துக்கொண்டு, ‘வேதம் மாத்திரமே’ என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? பவுல் கலாத்தியரைக் கடிந்துகொண்டது இதற்காகத்தானே?” என்று பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் உங்கள் மைத்துனர் கேட்டதாகவும், லுத்தரன் சபையிலேயே பிறந்து வளர்ந்தும் உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்தில் பலர் சிரித்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல; சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரே ஒரு காலத்தில் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டவர்தாம்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்வோம். கிறிஸ்மஸுக்கு முன்வரும் அட்வெந்து நாலு ஞாயிறு என்றோ, ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாற்பது நாள் என்றோ புதிய ஏற்பாட்டில் கட்டளை எதுவும் இல்லை. “பண்டிகைநாளையும் மாதப்பிறப்பையும் ஓய்வுநாட்களையுங்குறித்தாவது, ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக” என்று கொலோசெயருக்கு எழுதிய வாக்கியம் நம்முடைய வேதத்திலும் இருக்கிறது. 1530ஆம் ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன் வாசிக்கப்பட்ட, லுத்தரன் சபைகளின் அடிப்படையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இந்த விஷயத்தை 15ஆம் பிரிவில் நேராகவே எடுத்துப் பேசுகிறது: பாவமில்லாமல் கைக்கொள்ளக்கூடியவையும் சபையில் சமாதானத்துக்கும் ஒழுங்குக்கும் உதவுகிறவையுமான சடங்குகளையும் திருநாட்களையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை இரட்சிப்புக்கு அவசியம் என்று சொல்லி மனச்சாட்சியின்மேல் சுமையை ஏற்றக்கூடாது. ஏழாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மனிதர் ஏற்படுத்திய ஆசாரங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்கிறது. ஆகவே லெந்து அனுசரிக்காத ஒரு சபையைக் குறைவுள்ள சபை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் ஊர்களில் லெந்து நாட்களில் கலியாணம் வைத்த குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த 15ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசித்தால் நல்லது.

“நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே” என்று கலாத்தியரிடம் பவுல் வேதனைப்பட்டதன் காரணம் அந்த நிருபம் முழுவதிலும் தெளிவாகவே இருக்கிறது. நாளை அனுசரிப்பதால் தேவனுக்கு முன்பாக நீதிமான் ஆகலாம் என்று அவர்கள் நம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர் எதிர்த்தது அந்த நம்பிக்கையை. அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுவதையும் வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவனவன் தன்தன் மனதிலே முழுநிச்சயத்தைக் கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

ஆனால் “வைத்துக்கொள்ளலாம்” என்பது பாதிப் பதில்தான். ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு லுத்தரின் சொந்த வழியைப் பார்க்க வேண்டும். 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், திருநாட்கள் குடிவெறிக்கும் சூதாட்டத்துக்கும் சோம்பலுக்குமே உதவுகின்றன என்று சொல்லி, ஞாயிறு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றெல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று அவர் ஆலோசனை கூறினார். உங்கள் மைத்துனர்கூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். 1523இல் திருவிருந்து ஆராதனையைச் சீர்ப்படுத்தி எழுதியபோது, பரிசுத்தவான்களின் நாட்களை விட்டுவிட நினைத்தாலும், கிறிஸ்துவைப் பற்றிய திருநாட்களை வைத்துக்கொண்டார். மரியாளின் சுத்திகரிப்பு நாளையும் காபிரியேல் தூதன் அவளுக்குச் சொன்ன செய்தியின் நாளையும்கூடக் கிறிஸ்துவின் திருநாட்களாகவே கணக்கிட்டார். 1526இல் ஜெர்மானிய மொழி ஆராதனை முறை வெளிவந்தபோது, ஆண்டு முழுவதற்கும் முன்னோர் குறித்துவைத்த நிருப வாக்கியங்களையும் சுவிசேஷ வாக்கியங்களையும், அதாவது அந்தந்த ஞாயிறில் வாசிக்கும் வேதப்பகுதிகளை, அப்படியே தொடரலாம் என்று தீர்மானமாக எழுதினார்.

அதற்கு அவர் சொன்ன காரணம்தான் இந்தப் பதிலின் மையம். பழைய ஆண்டு என்பதற்காகவோ, அழகாக இருக்கிறது என்பதற்காகவோ அவர் அதை வைக்கவில்லை. நன்றாகப் பிரசங்கிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆண்டு முழுவதற்குமான விளக்கவுரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையோ ஒரு பகுதியையோ சபைக்கு வாசித்துக் காட்டுவதே பலருக்கு நல்லது. இல்லாவிட்டால் கடைசியில் ஒவ்வொருவனும் தனக்கு இஷ்டமானதைப் பிரசங்கிப்பான், சுவிசேஷத்துக்குப் பதிலாக மறுபடியும் நீல வாத்துகளைப் பற்றிப் பேசுவான் என்று எழுதினார். நீல வாத்து என்பது அந்தக் கால ஜெர்மானியர் கட்டுக்கதைக்குச் சொன்ன பேச்சு. ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த வாத்துகள் நம்முடைய பிரசங்கபீடங்களிலும் ஒலிபெருக்கிகளிலும் உயிரோடு இருப்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. லுத்தரன் பீடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே லுத்தரன் சபையில் திருச்சபை ஆண்டு என்பது முதலாவது ஒரு வாசிப்பு ஒழுங்கு. பண்டிகை, நிறத்துணி, மெழுகுவர்த்தி எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை. வேதமே சபையை ஆளவேண்டும் என்றால், எந்த வாக்கியத்தைப் பற்றி இன்று பேசுவது என்பதைப் பேசுகிறவரே ஒவ்வொரு வாரமும் தீர்மானிக்கும்போது, வேதத்தின் பெயரால் அவருடைய விருப்பமே ஆளத் தொடங்கிவிடுகிறது. சபைக் குருவான ஐயருக்குக் காணிக்கையைப் பற்றிப் பேச மனமிருந்தால் மல்கியா வரும். சபைச் சண்டையில் ஒரு தரப்பைக் குத்த வேண்டியிருந்தால் மோசேக்கு எதிராக எழும்பிய கோராகும் தாத்தானும் வருவார்கள். குறித்த வாக்கியம் வரும்போது, சபையோடு சேர்ந்து அவரும் கேட்கிறவராகிறார். இப்படி ஒழுங்காக வாசிப்பது புதிதும் அல்ல: மோசேயின் ஆகமங்கள் ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயங்களில் வாசிக்கப்பட்டுவந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் சொல்கிறது.

இதற்கு வேறு வழியும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூரிக் நகரில் ஸ்விங்லி என்ற சீர்திருத்தவாதி 1519 ஜனவரி 1 முதல் குறித்த வாக்கியங்களை விட்டுவிட்டு, மத்தேயு சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாகப் பிரசங்கித்தார். அதுவும் பிரசங்கியின் விருப்பத்துக்குக் கடிவாளம் போடுகிற வழிதான், அப்படிச் செய்கிறவர்களைத் தாம் குறைசொல்லவில்லை என்று லுத்தரும் எழுதியிருக்கிறார். தாம் பணியாற்றிய விட்டன்பர்கில் வாரநாட்களுக்கு அவரே அந்த வழியைத்தான் வைத்தார்: திங்களும் செவ்வாயும் ஞானோபதேசம், புதன்கிழமை மத்தேயு, வியாழனும் வெள்ளியும் நிருபங்கள், சனிக்கிழமை யோவான். குறித்த வாக்கியங்கள் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு உரியவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் லுத்தரின் திட்டம் முழுமையாகத் தெரியும்; வாரநாள் வாசிப்பைக் கைவிட்டுவிட்டு ஞாயிறு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டது பிற்காலச் சோம்பல்.

இனி அந்த வாசிப்பு ஒழுங்கு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு ஞாயிறுகளில் கிட்டத்தில் பார்க்கலாம். அட்வெந்தின் முதலாம் ஞாயிறு சபை ஆண்டின் தொடக்கம். கிறிஸ்மஸுக்கு ஆயத்தம் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். கேக்குக்குப் பழம் ஊறவைப்பதும் நட்சத்திரம் கட்டுவதும் தொடங்குகிற வாரம். ஆனால் ஆண்டுதோறும் அதே பகுதிகள் திரும்ப வரும் பழைய ஓராண்டு ஒழுங்கில் அன்றைய சுவிசேஷம் மத்தேயு 21: இயேசு கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் வருகிற பகுதி, குருத்தோலை ஞாயிறோடு நாம் சேர்த்து நினைக்கிற அதே பகுதி. பிள்ளை இல்லை, தொழுவம் இல்லை. “இதோ, உன் ராஜா சாந்தகுணமுள்ளவராய் … உன்னிடத்தில் வருகிறார்” என்ற வாக்கியமே ஆண்டின் முதல் வாக்கியம். தம்முடைய அட்வெந்து விளக்கவுரையில் லுத்தர் இந்த “வருகிறார்” என்பதிலேயே நின்றுவிடுகிறார்: நீ அவரைத் தேடிப் போகவில்லை, அவர் உன்னைத் தேடி வருகிறார், உன் விசுவாசமும் அவரிடமிருந்தே வருகிறது, உன்னிடமிருந்து அல்ல. விசுவாசத்தினாலே நீதிமான் ஆகிறோம் என்ற உபதேசம் முழுவதும், ஒரு கழுதையும் ஒரு வினைச்சொல்லும் கொண்டு, ஆண்டின் முதல் நாளிலேயே சபைக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் சூரியனிலும் சந்திரனிலும் தோன்றும் அடையாளங்கள், காவலில் இருந்து கேள்வி அனுப்பும் யோவான்ஸ்நானன், “நான் கிறிஸ்து அல்ல” என்று அவன் கொடுக்கிற சாட்சி என்று வாசிப்புகள் தொடர்கின்றன. மாம்சத்தில் வந்தவர், வார்த்தையில் வருகிறவர், முடிவில் வரப்போகிறவர் என்று மூன்று வருகையும் அந்த நாலு வாரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. உங்கள் சபை புதிய மூன்றாண்டு அட்டவணையைப் பின்பற்றுமானால் முதல் ஞாயிறன்றே முடிவுகால வருகையின் பகுதியைக் கேட்பீர்கள். அதுவும் தொழுவத்தின் கதை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, லெந்தின் முதலாம் ஞாயிறு. பழைய லுத்தரன் நாட்காட்டிகளில் இதற்கு இன்வோகாவித் என்று பெயர். அன்றைய ஆராதனையின் தொடக்க சங்கீதத்தின் லத்தீன் முதற்சொல்லிலிருந்து வந்த பெயர். விட்டன்பர்கில் கலகம் மூண்டு, படங்களை உடைத்தும் ஆராதனையை வலுக்கட்டாயமாக மாற்றியும் கொண்டிருந்த நாட்களில், வார்ட்பர்க் கோட்டையிலிருந்து திரும்பிய லுத்தர் 1522 மார்ச் 9 தொடங்கி எட்டு நாள் பிரசங்கித்தது இந்த ஞாயிறில்தான். அதனால் அவை இன்றைக்கும் இன்வோகாவித் பிரசங்கங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. அந்தச் சங்கீதம் 91. “அவன் என்னை நோக்கிக் கூப்பிடுவான், நான் அவனுக்கு மறுஉத்தரவு அருளிச்செய்வேன்” என்ற 15ஆம் வசனம். அன்றைய சுவிசேஷமோ மத்தேயு 4, வனாந்தரச் சோதனை. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திச் சாத்தான் சொல்கிற வசனமும் அதே 91ஆம் சங்கீதம்தான், 11, 12ஆம் வசனங்கள். சபை எந்தச் சங்கீதத்தைப் பாடிக்கொண்டு ஆலயத்துக்குள் வந்ததோ, அதையே சிறிது நேரத்தில் பிசாசின் வாயிலிருந்து கேட்கிறது.

இரண்டையும் அருகில் வைத்து வாசித்துப் பாருங்கள். சங்கீதத்தில் “உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி” என்று இருக்கிறது. சாத்தான் அந்தச் சொற்களை விட்டுவிடுகிறான். தேவன் ஒருவனுக்கு வைத்த வழியில் அவன் நடக்கும்போது உள்ள வாக்குத்தத்தத்தை, உப்பரிகையிலிருந்து குதிக்கிறவனுக்கான உத்தரவாதமாக மாற்ற வேண்டுமானால் அந்தச் சொற்கள் இடைஞ்சல். “உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு” என்ற வசனத்தோடு நிறுத்திக்கொள்ளவும் செய்கிறான். அதற்கு அடுத்த வசனம் சிங்கத்தையும் வலுசர்ப்பத்தையும் மிதித்துப்போடுவதைப் பற்றியது, அது அவனைப் பற்றியதே. வேதவசனத்தைச் சொல்வதனால் மட்டும் ஒரு பேச்சு வேதத்துக்கு ஒத்ததாகிவிடாது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இணைப்பை ஒரு பிரசங்கி தேடிக் கண்டுபிடித்துச் சபைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. லுத்தருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே யாரோ இந்தச் சங்கீதத்தையும் இந்தச் சுவிசேஷத்தையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். நாம் வந்து உட்கார்ந்து கேட்டால் போதும்.

லெந்து உபவாசத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இறைச்சி விடுவதும் பூ வைக்காமல் இருப்பதும் நம் குடும்பங்களில் உள்ள வழக்கம், செய்யலாம். உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளிப்புறப் பயிற்சிதான், ஆனால் “உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது” என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவனே உண்மையில் பாத்திரவான் என்று லுத்தரின் சிறிய ஞானோபதேசம் திருவிருந்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இதை முடித்துவிடுகிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறான திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் நீண்ட காலத்தைப் பலர் வெறும் இடைவெளியாக நினைக்கிறார்கள். அது ஆண்டில் ஏறக்குறைய பாதி. பண்டிகை இல்லாத காலம். ஐசுவரியவானும் லாசருவும், காணாமற்போன ஆடு, பரிசேயனும் ஆயக்காரனும் என்று இயேசுவின் போதனைகள் வரிசையாக வருகிற காலம். ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறதோ அதைப் பொறுத்து இது நீளும், குறுகும். ஈஸ்டர் மார்ச் 26 அல்லது அதற்கு முன் வந்தால்தான் திரித்துவத்துக்குப் பின்வரும் 27ஆம் ஞாயிறு என்று ஒன்று இருக்கும். லைப்சிக் நகரில் 1723 முதல் 1750 வரை பணியாற்றிய இசையமைப்பாளர் பாக், ஞாயிறு வாக்கியங்களை ஒட்டியே சபைக்கான இசையை எழுதினார். அவர் அங்கிருந்த காலம் முழுவதிலும் அந்த 27ஆம் ஞாயிறு இரண்டே முறை, 1731லும் 1742லும் வந்தது. அன்றைய சுவிசேஷம் பத்துக் கன்னிகைகள். 1731 நவம்பர் 25ஆம் தேதிக்கென்று அவர் எழுதியதுதான் இன்று உலகம் முழுவதும் பாடப்படுகிற, காவலாளரின் குரல் நம்மை எழுப்புகிற அந்த இசைப்படைப்பு. அபூர்வமாக மட்டுமே வரும் ஒரு ஞாயிறு என்று அவர் ஏனோதானோவென்று விட்டுவிடவில்லை. நாட்காட்டியில் வந்துவிட்டது, ஆகவே அதற்கு உரியதைச் செய்தார்.

நிறங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஊதா மனந்திரும்புதலுக்கும் ஆயத்தத்துக்கும், வெள்ளை கிறிஸ்துவின் திருநாட்களுக்கும், சிவப்பு பெந்தெகொஸ்தேக்கும் இரத்தசாட்சிகளுக்கும், பச்சை மற்ற நாட்களுக்கும். அட்வெந்து வளையமோ மிகவும் பிந்தியது. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் 1839இல், கிறிஸ்மஸுக்கு எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச்சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சிறியவையும் ஞாயிறுகளுக்குப் பெரியவை நான்குமாக மெழுகுவர்த்திகளை வைத்தார். வடஜெர்மனியில் டிசம்பர் மாதம் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். தஞ்சாவூரில் அதே நாட்கள் அடைமழையும் கார்த்திகையும். ஆஸ்திரேலிய லுத்தரன்களுக்குக் கோடைகாலம். சபை ஆண்டின் காலங்கள் வானிலையைச் சார்ந்தவை அல்ல என்பதற்கு இதுவே போதும். குளிர்காலத்து இருளையும் வசந்தத்துப் பூவையும் கொண்டு அட்வெந்தையும் ஈஸ்டரையும் விளக்குகிற மேல்நாட்டுப் பிரசங்கங்களைத் தமிழில் பெயர்த்து வாசிப்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்; வாசிக்க வேண்டிய வாக்கியம் கையில் இருக்கிறது.

இந்த ஒழுங்கில் குறை இல்லையா என்றால், உண்டு. முதலில் குறைசொன்னவர் லுத்தரே. நிருப வாக்கியங்களைத் தெரிந்தெடுத்தவர் நற்கிரியைகளைத் தூக்கிப்பிடிக்கிற, கல்வி போதாத ஒருவராக இருக்க வேண்டும், விசுவாசத்தைப் போதிக்கிற பகுதிகளை விட்டுவிட்டார் என்று 1523லேயே கடுமையாக எழுதினார். பழைய ஓராண்டு ஒழுங்கின் ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு ஏறக்குறைய இல்லவே இல்லை. ரோமன் கத்தோலிக்க சபை 1969இல் மூன்றாண்டு வாசிப்பு ஒழுங்கை வெளியிட்டபின், அமெரிக்க லுத்தரன்கள் அதைத் தழுவித் தங்கள் 1978ஆம் ஆண்டு ஆராதனை நூலில் சேர்த்தார்கள். பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் வாரந்தோறும் வந்தன. ஜெர்மானிய சபைகள் ஓராண்டு ஒழுங்கை விடாமல், அதன்மேல் ஆறு ஆண்டுக்கான பிரசங்க வாக்கியங்களை அடுக்கி, 2018இல் அதையும் திருத்தி, பழைய ஏற்பாட்டுக்குக் கூடுதல் இடம் கொடுத்தன. எனக்குத் தனிப்பட்ட முறையில் ஓராண்டு ஒழுங்கின் மேல்தான் நாட்டம்: ஒவ்வொரு ஆண்டும் அதே ஞாயிறில் அதே சுவிசேஷம் திரும்ப வரும்போது, பள்ளிக்கூடம் போகாத பாட்டிமாருக்கும் அது மனப்பாடமாகிவிடுகிறது. ஆனால் சபை வேதம் முழுவதையும் கேட்கவேண்டும் என்ற நியாயம் மூன்றாண்டு ஒழுங்கின் பக்கம்தான் இருக்கிறது. எந்த ஒழுங்கும் கடினமான சில வசனங்களைத் தாண்டிப் போகத்தான் செய்கிறது. சாபச் சங்கீதங்கள் ஞாயிறு காலையில் அபூர்வமாகவே கேட்கும். அதற்கு மருந்து வீட்டில் வேதத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பது.

நம்மிடத்தில் இது எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்ட லுத்தரன் குருமார். டேனிஷ் சபையும் அவர்கள் படித்த ஹாலே நகரத்தாரும் கைக்கொண்டது லுத்தர் விட்டுவைத்த அந்த ஓராண்டு ஒழுங்கையே. 1714–15இல் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றபோது, திருச்சபை ஆண்டு நம் மக்களுக்கு இருநூறு ஆண்டுப் பழக்கமாகிவிட்டிருந்தது.

உங்கள் மைத்துனரிடம் பேசும்போது, அவர் லெந்து அனுசரிக்காததைக் குறையாகப் பேசாதீர்கள். “நாட்களை விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளாதிருக்கிறான்” என்பது அவருக்கும் உரிய வசனம். அவரிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம்: உங்கள் சபையில் அடுத்த ஞாயிறு எந்தப் பகுதி வாசிக்கப்படும், அதைத் தெரிந்தெடுப்பது யார்? தொடர்ச்சியாக ஒரு புத்தகத்தைப் பிரசங்கிக்கிறோம் என்று அவர் சொன்னால், அது ஸ்விங்லியின் வழி, நல்ல வழி என்று ஒப்புக்கொள்ளுங்கள். பாஸ்டருக்கு அந்த வாரம் தோன்றுவதுதான் என்று சொன்னால், 1526இல் லுத்தர் எழுதிய வாத்துகளைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். நீங்களும் சனிக்கிழமை மாலையில் மறுநாளுக்குரிய சங்கீதத்தையும் நிருப வாக்கியத்தையும் சுவிசேஷத்தையும் எடுத்து, இந்த மூன்றையும் ஏன் ஒரே நாளில் வைத்தார்கள் என்று யோசித்துவிட்டு ஆலயத்துக்குப் போங்கள். ஐயர் அந்தப் பகுதியை விட்டு விலகிப் போனால் உங்களுக்கே தெரிந்துவிடும்.